ரெண்டு விரல் காத்து

தம்பி, இஞ்ச வா. உந்தப் போனைக் கீழ வை. ஓடாது, வை.

பழைய லொறி ஒண்டு வேண்டிப் புதுக்கப் போறியாம். உன்ர கொம்மா நேத்து மீன் சந்தையில கண்டு சொல்லி அழுதவ. காப்பு அடைவுக்குப் போட்டுதாம். "அழாதை பிள்ளை, பெடியனோட நான் கதைக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். லொறி வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. அதைச் சொல்ல நான் ஆர்? பதினாலு வயசில கிளீனராய் ஏறினவன். மீன், ஐஸ், நெல்லு, சீமெந்து, கந்தளாய்க் கரும்பு எண்டு நான் ஏத்தாத சாமான் இல்லை. ஒருக்கா கூத்துக்காரரின்ர சிம்மாசனத்தை ஏத்தி, அதிலயே குந்திக்கொண்டு மூதூருக்குப் போனனான். அப்ப பாலம் எங்க கிடந்தது? கிண்ணியாப் பாலம் 2009இலதானே வந்தது. லொறியைப் பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போக வேணும். பாதைக்காரன் என்னைப் பாத்துக் கும்பிட்டான். சிம்மாசனத்துக்குத்தான் கும்பிட்டவன், எனக்கில்லை.

உனக்கு நான் சொல்லப்போறது வயர் கதை. பிளக் வயர். சிரிக்கிறாய் பார். சுண்டுவிரல் மொத்தமும் இல்லாத வயரைப் பற்றி இந்தக் கிழவன் என்னத்தைச் சொல்லப் போறான் எண்டுதானே? என்ர தங்கச்சியின்ர பேரனும் இப்பிடித்தான் சிரிச்சவன். சிரிச்சவன் தம்பலகாமச் சந்தியில போய் நிண்டு அழுதவன்.

2020 மார்ச்சில வெளியில இருந்து வாகனம் இறக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டிச்சுதே, உந்தப் பழைய வாகன வருத்தம் அதோடதான் தொடங்கினது. அதுவரைக்கும் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்த பழைய ஜீப்புக்கெல்லாம் திடீரெண்டு சாதகம் எழுதினாங்கள். பூவரச மரத்துக்குக் கீழ கிடந்து உக்கின லொறிக்கு 'கிளாசிக்' எண்டு பேர் வைச்சாங்கள். நானும் பூவரசுக்குக் கீழ கிடந்து உக்கிறவன்தான். எனக்கு ஒருத்தரும் அப்பிடிப் பேர் வைக்கேல்லை. 2025 பெப்ரவரியில இறக்குமதியைத் திருப்பித் திறந்தாங்கள். பெடியளின்ர வருத்தம் மாறேல்லை.

எங்கட பேரனுக்குக் கிடைச்சது ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்து லொறி. கனடாவில செய்தது. சப்பை மூக்கு, போர்ட் வி-எட்டு இஞ்சின். வெள்ளைக்காரன் 1957இல திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளிச்சிட்டுக் கப்பலேறிப் போனானே, அப்ப எனக்குப் பத்து வயசு. அவன் விட்டுப்போன சாமானில கொஞ்சம் துருப்பிடிச்சுப் போச்சு, கொஞ்சத்தை எங்கட ஆக்கள் ஓட்டிப் பிழைச்சாங்கள். அப்பிடி ஓட்டினதுகளில கனக்க லொறிக்குப் பிறகு பெற்றோல் இஞ்சினைக் கழட்டி எறிஞ்சுபோட்டு டீசல் இஞ்சின் வைச்சாச்சு. டீசலுக்கு ஏது பிளக் வயர்? அந்தத் தலைவலியே இல்லை. பேரனின்ர லொறியிலதான் பழைய பெற்றோல் இஞ்சின் அப்பிடியே கிடந்தது. அவன்ர அதிஷ்டம்.

அந்த இஞ்சின் ஒரு விசித்திரமான சாமான். 1932இல ஹென்றி போர்ட் முதல் முதல் விட்ட வி-எட்டின்ர வம்சம். இஞ்சாலப் பக்கம் நாலு சிலிண்டர், அங்காலப் பக்கம் நாலு சிலிண்டர். பிளக் எல்லாம் இஞ்சின் தலைக்கு மேல, குடுமி மாதிரி நிக்கும். புகை போற வழியை மனுசன் இஞ்சினின்ர உடம்புக்குள்ளால விட்டு ரெண்டு பக்கத்தாலயும் வெளியில எடுத்திருக்கிறான். ரெண்டு தண்ணிப் பம்ப் வைச்சும் அது கொதிச்சுக்கொண்டுதான் நிண்டது. அதிலயும் ஒரு கூத்து. ஒரு பக்கத்தில சிலிண்டர் நாலு, புகை வாசல் மூண்டு. ஓரத்து ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாசல், நடுவில நிக்கிற ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்டு. ஒரே வாசலால ரெண்டு வீட்டுப் புகை போனால் அந்த இடம் எப்பிடி இருக்கும்? கன்னியாவில ஏழு கிணறு கிடக்கே, ஏழும் ஒரே சூடோ? கையை விட்டுப் பாக்கிறவனுக்குத் தெரியும். புகை வாசலுகளுக்கு வெளியில பூட்டின மனிபோல்டும் அப்பிடித்தான். நடு வாசல்தான் கொதி கிணறு.

இதெல்லாம் தெரிஞ்சுதான் போர்ட்காரன் வயரை எல்லாம் ஒரு தகரக் குழாய்க்குள்ளால விட்டு, அந்தக் குழாயைத் தலைக்கு மேல ஏத்திப் பூட்டினவன். குழாயை விட்டு வயர் வெளியில வாற ஓட்டைக்கு ஒரு றப்பர் வளையம். இல்லாட்டித் தகர விளிம்பு வயரை அறுத்துப்போடும். கப்பல் கட்டுற கயிறு துறை விளிம்பில உரசுற இடத்தில சாக்குத் துணி சுத்தி விடுறாங்களே, அதே அறிவுதான். அதை ஆர் படிப்பிச்சது? அறுந்த கயிறு படிப்பிச்சது.

எங்கட பேரன் லொறியைக் கொழும்புப் பக்கம் ஒரு கராச்சுக்குக் கொண்டு போனான். எந்தக் கராச் எண்டு கேக்காதை. அங்க ஒரு பெடியன், தலைமயிரில பாதி மஞ்சள். அவன் முதல் செய்த வேலை, அந்தத் தகரக் குழாயைக் கழட்டிப் பழைய இரும்புக்குள்ள எறிஞ்சதுதான். "உது பழைய குப்பை அண்ணே." பிறகு சிவப்பு நிறத்தில, என்ர சுண்டுவிரல் மொத்தத்தில வயர் வருவிச்சான். 10 மில்லிமீற்றராம். "இது ரேசிங் வயர் அப்பு, நெருப்புப் பொறி கூட வரும்" எண்டு பேரன் எனக்குப் போனில காட்டினான். எடேய், மொத்தமாயிருக்கிறது சட்டையடா, ஆள் இல்லை! பிளக்கின்ர வாய் எவ்வளவு கேக்குதோ அவ்வளவு வோல்ட்டைத்தான் கொயில் குடுக்கும். பெரிய சட்டி வைச்சால் குழம்பு கூடுமோ? போதாக்குறைக்கு றேடியோ இரையாத விசேஷ வயராம். லொறியில றேடியோவே இல்லை.

அதோட விட்டானோ? இல்லை. வயர் வெளியில தெரியக் கூடாதாம். பொனற்றைத் திறந்தால் 'கிளீனாய்' இருக்க வேணுமாம். எட்டு வயரையும் ஒண்டாச் சேத்து, பிளாஸ்ரிக் நாடாவால இறுக்கி, பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னல் பின்னின மாதிரிப் பின்னி, தலையின்ர வெளி ஓரத்தால கீழ இறக்கி ஒளிச்சு வைச்சிருக்கிறான். கீழ என்ன கிடக்கு? மனிபோல்ட். அடுப்புக்கு மேல பாயை விரிச்சுப் படுத்தால் இடம் மிச்சம்தான். ஆர் படுப்பான்?

"சூடு பிடிக்காதோ தம்பி?" எண்டு நானும் கேட்டனான். அதுக்கும் மறுமொழி வைச்சிருந்தான். மனிபோல்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் சேலைக்கரை மாதிரி ஒரு சீலை சுத்தியிருக்காம். வெக்கை வெளியில வராதாம். சரி. வெக்கை வெளியில வராட்டி எங்க போகும்? உள்ளுக்கதான் நிக்கும். வார்ப்பிரும்பு அதைக் குடிச்சுக் குடிச்சு ஒரு நாள் வெடிக்கும். எங்கட ஊரில இன்னொண்டும் கிடக்கு. வாடைக் காத்து அடிக்கிற மாதங்களில உள்ளங்கையை நக்கிப் பார், உப்புக் கரிக்கும். அந்த உப்பு ஈரத்தைச் சீலை உறிஞ்சி, இரும்போட ஒட்டி வைச்சிருக்கும். ஈரச் சாக்கால மூடின கத்தி எத்தினை நாளைக்கு மினுங்கும்? சுவிஸ் குளிரில இருக்கிற ஆரோ ஒருத்தன் வீடியோ போட்டால் அதைப் பாத்து உப்புவெளியில சீலை சுத்துறது! ஊருக்குப் பேரே உப்புவெளி.

தைப்பொங்கல் கழிச்சுக் கோயிலடியில பூசை போட்டு, மாலை கட்டி, லொறி கண்டிக்கு வெளிக்கிட்டுது. அங்க பழைய வாகனக் காட்சி ஏதோவாம். எனக்குப் பக்கத்து சீற் தாறன் எண்டவன். நான் போகேல்லை. ஆனால் என்ர ரங்குப் பெட்டியில கிடந்த பழைய செப்புக் கம்பி வயரில ஆறு முழத்தை எடுத்து வாசலில வைச்சுப்போட்டுச் சாய்மனைக் கதிரையில படுத்தன். என்ர மனுசி கேட்டவ, "உதென்னத்துக்கு வாசலில?" பொறு, போன் வரும் எண்டனான்.

பின்னேரம் நாலரைக்கு வந்துது. "அப்பு, லொறி மிஸ் அடிக்குது. தம்பலகாமச் சந்திக்குக் கிட்ட நிக்கிறம். கராச்சுக்காரன் கொயிலை மாத்தச் சொல்லுறான், வேற ஒருத்தன் காபரேற்றர் எண்டுறான்." நான் கேட்டன், "மிஸ் அடிக்கத் தொடங்கினது வெளிக்கிட்ட உடனயோ, கொஞ்சம் ஓடின பிறகோ?" சூடேறின பிறகுதானாம். "நிப்பாட்டி ஆற விட்டால் திருந்துதோ?" முதல் திருந்தினதாம், இப்ப திருந்துதில்லையாம். காய்ச்சல்காரன் வாயாலயே வருத்தத்தைச் சொல்லிப்போட்டான், பிறகென்ன? ஓட்டோ பிடிச்சுப் போனன். வயர்ச் சுருளை மடியில வைச்சுக்கொண்டு போன என்னை, கம்பி களவெடுத்தவன் எண்டு ஓட்டோக்காரன் கண்ணாடியால பாத்துக்கொண்டே வந்தவன்.

போய்ச் சேரப் பொழுது பட்டிட்டுது. நல்லதாப் போச்சு. இந்த வருத்தத்துக்கு இருட்டுத்தான் டொக்டர். பொனற்றைத் திறந்து, வெளிச்சத்தை எல்லாம் நூத்துப்போட்டு, ஸ்ராட் பண்ணச் சொன்னன். ரெண்டு பக்கமும் வயல். தவளை கத்துது. உள்ளுக்க பாத்தால், நீல நிறத்தில பொறி. சிவப்பு வயரின்ர வயித்தில இருந்து மனிபோல்டுக்கு டிக் டிக் எண்டு பாயுது. குடிக்கிற தண்ணியைக் கையில நனைச்சு வயருகளுக்கு மேல ஒரு உதறு உதறினன். சின்னத் தூறல்தான். இன்னும் ரெண்டு இடத்தில பொறி பறந்துது.

"அப்பு, வடிவாயிருக்கு!" எண்டான் பேரன். வடிவுதான். பிளக்குக்குப் போக வேண்டிய 15,000, 20,000 வோல்ட் குறுக்கு வழியில தரைக்கு ஓடுது. வடிவாயில்லாமல் என்ன செய்யும்?

தொடப் போனான் மடையன். கையில ஒரு தட்டுத் தட்டினன். எனக்கு அந்தப் பாடம் பதினாலு வயசில நடந்தது. "டேய், உந்த வயரைப் பிடிச்சுக்கொள்" எண்டார் றைவர். பிடிச்சன். முழங்கை மட்டும் ஆரோ உலக்கையால அடிச்ச மாதிரி. கையை உதற, அது போய் ஃபான் இலைக்கு ஒரு சாண் தள்ளி நிண்டுது. றைவர் சிரிச்சார். பிறகு பயந்து, தேத்தண்ணியும் ரெண்டு வடையும் வேண்டித் தந்தார். சொக் ஆளைக் கொல்லாட்டிலும், அது கையை எங்க எறியும் எண்டு தெரியாது.

இஞ்சினை நிப்பாட்டி, ஆற விட்டு, பின்னலை அறுத்துப் பாத்தம். நடு வாசலுக்கு நேர மேல கிடந்த ரெண்டு வயரும் சப்பாத்துத் தோல் கருகின மாதிரி. மூண்டாவதைக் கையால வளைச்சன், பப்படம் மாதிரி நொறுங்கிச்சு. உள்ளுக்க வெள்ளை நூல் தெரியுது. பிளாஸ்ரிக் நாடா உருகி, வயரோட வயரை ஒட்டி, சீலைக்கு மேல சொட்டுச் சொட்டாய்க் கிடக்கு.

"இது சிலிக்கோன் அப்பு. 200 பாகை தாங்கும் எண்டு எழுதிக் கிடந்தது."

பொய் சொல்லக் கூடாது, சிலிக்கோன் நல்ல சாமான். நாங்கள் ஓட்டின காலத்து றப்பர் வயர் தண்ணி கொதிக்கிற சூட்டுக்கே முகம் சுளிக்கும். ஆனால் பாரம் ஏத்தி மேட்டில இழுக்கிற பெற்றோல் லொறியின்ர மனிபோல்டுக்குள்ள போற புகை 500, 600 பாகையையும் தாண்டும். இரவில பாத்தால் இரும்பே மங்கலாய்ச் சிவந்து தெரியும். 200 தாங்கிறவனைக் கொண்டுபோய் 500 உள்ளவன்ர மடியில இருத்திப்போட்டு, சாமான் சரியில்லை எண்டு சொல்லலாமோ? சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் போய்ப் பாத்திருக்கிறியோ நீ? 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பான்காரன் குண்டு போட வந்த அண்டைக்கு ஒரு விமானம் விழுந்து எரிஞ்ச தாங்கி கிடக்கு. 99 தாங்கி இண்டைக்கும் நிக்குது, அது இல்லை. கப்பல் எண்ணெய் நிரப்ப எண்டு செய்த கனத்த இரும்புத் தகடு, வெத்திலை வாடின மாதிரிச் சுருண்டு கிடக்கு. வெக்கைக்கு முன்னால இரும்பே அப்பிடி எண்டால், உன்ர சிவப்பு வயர் எந்த மூலைக்கு?

பேரன் பேசாமல் நிண்டான். மூஞ்சியைப் பாக்க எனக்கும் பாவமாய்ப் போச்சு. சரி, வேலையைப் பாப்பம் எண்டன்.

கொண்டுபோன செப்பு வயரை அளந்து வெட்டி, கருகின மூண்டையும் மாத்தினம். கழட்டும்போது வயரைப் பிடிச்சு இழுத்தான், திரும்பவும் ஒரு தட்டு. தொப்பியில பிடிச்சுத் திருகி எடுக்க வேணும், மாட்டை வாலில பிடிச்சு இழுக்கிறதில்லை. எது எங்க போகும் எண்டு போனில தேடத் தொடங்கினான். அந்த வயலுக்க ஏது சிக்னல்? நான் பாட்டாய்ச் சொன்னன்: ஒண்டு, அஞ்சு, நாலு, எட்டு, ஆறு, மூண்டு, ஏழு, ரெண்டு. பள்ளிக்கூடத்தில வாய்ப்பாடு வராமல் அடி வாங்கினவன், இது மட்டும் அறுபது வருசமாய் மறக்கேல்லை. கடைசியில ரெண்டு வருது பார், அதுக்குப் பிறகு திருப்பி ஒண்டு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர். அதுகளின்ர வயர் ரெண்டையும் கட்டிப்பிடிச்சுக் கொண்டு போக விடக் கூடாது. ஒருத்தனுக்குப் போற மின்சாரம் மற்றவனுக்கும் கூச்சங் காட்டும், அவன் நேரம் தப்பி வெடிப்பான். பின்னல் பின்னின மஞ்சள் மண்டைக்கு இது தெரியுமோ?

வயர் எல்லாத்தையும் திருப்பித் தலைக்கு மேலால எடுத்தம். பழைய குழாய் பூட்டின ஓட்டை அப்பிடியே கிடந்தது. பெட்டி கட்டுற தகரப் பட்டி ஒண்டை வளைச்சு அதில பூட்டி, வயர் பிடிக்கிற இடத்துக்குச் சைக்கிள் ரியூப் துண்டு சுத்தினன். இறுக்கமாயில்லை, சும்மா ஒரு தொய்வோட. இஞ்சின் ஸ்ராட் பண்ணேக்க எப்பிடிக் குலுங்குது எண்டு பாத்திருக்கிறியோ? நிக்கேக்க ஒரு விரல் தள்ளி நிக்கிற வயர், குலுங்கேக்க போய் முட்டும். அதால ரெண்டு விரல் வைக்க வேணும். நடு வாசலுக்கு நாலு. கண்ணால பாத்தால் போதாது. இஞ்சின் ஆறினாப்போல விரலை விட்டுப் பார். சும்மா கிடைக்கிற காத்துத்தான். அதை ஒருத்தனும் பக்கெற் போட்டு விக்கிறதில்லை, அதாலதான் உங்களுக்கு அதில நம்பிக்கை இல்லை.

அந்த நடு வாசலுக்குக் குறுக்க ஒரு தகரம் நிண்டால் நல்லம் எண்டு பட்டுது. சந்திக் கடையில கேட்டன், தகரம் ஒண்டும் இல்லையாம். ரின்மீன் கிடக்காம். திருகோணமலைக்காரன் காசு குடுத்து ரின்மீன் வேண்டின கதை வெளியில தெரிஞ்சால் மானம் போகும், நீ ஒருத்தருக்கும் சொல்லாதை. வேண்டினம். பாணோட மீனைத் திண்டம். பசிக்கு நல்லாத்தான் இருந்தது. பேணியின்ர மூடியையும் அடியையும் வெட்டி எறிஞ்சு, உடம்பைத் தட்டி நிமித்தினால் ஒரு சாணுக்குக் கிட்டத் தகரம். ரெண்டு மூலையிலயும் ஓட்டை போட்டு, கீழ ரெண்டு நட்டைக் குடுத்து உயத்திப் பூட்டினன். உயத்தினது எதுக்கு? தகரத்துக்கு ரெண்டு பக்கமும் காத்து ஓட வேணும். ஒட்டிப் பூட்டினால் தகரமும் அடுப்பாயிடும். சீலையையும் அவிட்டு எறியச் சொன்னன். அதுக்கு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிச்சான். டொலரில வேண்டினதாம். அவிட்டுக் குடுத்தது ஓட்டோக்காரன், தன்ர சைலன்சருக்குச் சுத்தப் போறானாம். அவனுக்கும் சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை.

ஸ்ராட் பண்ணினான். எட்டும் பேசிச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தினை வருசம்! மடியில வைச்சு உடுக்கு அடிக்கிற மாதிரி. இருட்டில திருப்பியும் பாத்தம். ஒரு பொறி இல்லை. மின்மினி மட்டும் வயலுக்கு மேல.

இரவு பத்து மணிக்கு ஹபறணையில இருந்து போன் எடுத்தான். "அப்பு, ஓட்டம் தங்கம். ஆனால் ஒரு பிரச்சினை." என்னடா எண்டன். நெஞ்சு கொஞ்சம் இடிச்சுது, பொய் சொல்லேல்லை.

"லொறி முழுக்க மீன் பொரிக்கிற மணம். வழியில நிப்பாட்டின இடமெல்லாம் சாப்பாட்டுக் கடை லொறியோ எண்டு கேக்கினம். ரெண்டு பேர் கொத்து ரொட்டியும் கேட்டவங்கள்."

என்ன விலை சொன்னனீ எண்டு கேட்டன்.